கணக்கு நம் வீட்டிலும் இருக்கிறது: பிள்ளைகளோடு கூட்டல், கழித்தல் பழகுவது குறித்து

1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை (ஒழிப்பு)ச் சட்டத்தின்கீழ் ஒரு குடும்பத்தைச் செங்கல் சூளையிலிருந்தோ அரிசி ஆலையிலிருந்தோ மீட்க முயலும்போது நாம் முதலில் தேடுவது ஒரு நோட்டுப் புத்தகத்தை. வாங்கிய முன்பணம், வாரந்தோறும் கூலியில் பிடித்த தொகை, இடையில் மருத்துவத்துக்கும் திருவிழாவுக்கும் கொடுத்ததாக எழுதப்பட்ட தொகை, கடைசியில் ‘பாக்கி’. அந்தப் பக்கங்களில் கூட்டலையும் கழித்தலையும் தவிர வேறு கணிதம் எதுவும் இருப்பதில்லை. எழுதியவர் முதலாளி, கைரேகை வைத்தவர் தொழிலாளி. வாங்கிய கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்கும் சுமையை அச்சட்டத்தின் 15ஆம் பிரிவு கடன் கொடுத்தவர்மீதே வைக்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் வழக்கு அதிகாரியின் மேசைக்கு வந்து சேர்ந்த பிறகே அது உயிர் பெறும். பாக்கி தவறாக எழுதப்பட்ட அந்த வாரக் கடைசியில், அந்த இடத்திலேயே, ‘இது சரியில்லை’ என்று சொல்ல வேறொன்று வேண்டும்.

புதுச்சேரி நகருக்குள் சூளைகள் இல்லை. நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளரின் ஊதியச் சீட்டில் வைப்பு நிதிக்கும் காப்பீட்டுக்கும் பிடித்தம் செய்யப்படுகிறது. மகளிர் குழுக் கடனுக்கு வாரத் தவணை அட்டை இருக்கிறது. அடகுக் கடையில் வட்டிச் சீட்டு இருக்கிறது. நியாயவிலைக் கடைகள் மூடப்பட்டு, 2024 அக்டோபரில் மீண்டும் திறக்கப்படும்வரை, அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போட்ட ஆண்டுகளில், போட்டது எவ்வளவு, கடையில் அரிசி விலை எவ்வளவு, கைவிட்டது எவ்வளவு என்ற கழித்தலை ஒவ்வொரு குடும்பமும் செய்தே தீர வேண்டியிருந்தது. எனவே ஏழு வயதுப் பிள்ளைக்கு வீட்டில் கூட்டலும் கழித்தலும் பழக்குவது எப்படி என்ற கேள்வியைப் பெற்றோருக்கான குறிப்பாக மட்டும் கருதி நாம் கடந்துபோக முடியாது. மாலைநேர வகுப்புகள் நடத்தும் கல்லூரித் தோழர்களுக்கும் இது உரியது.

எண்ணும் உரிமை யாரிடம் இருந்தது

இந்த நகரின் செயின்ட் லூயி வீதியில் 1955 முதல் இயங்கிவரும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் கணித வரலாற்றை ஆராய்பவர் து. செந்தில்பாபு. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் எண் எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்பதை அவர் விரிவாக எழுதியிருக்கிறார். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி ஆகியவற்றைப் பிள்ளைகள் ஓதி ஓதி நினைவில் ஏற்றினார்கள். வீசம், மா, காணி, முந்திரி என்று இறங்கும் பின்னங்களும், ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்று ஏறும் முகத்தலளவைகளும் அந்தப் படிப்பில் அடங்கும். ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். ஒரு மரக்காலுக்கு எட்டு நாழி. தேர்ந்த பிள்ளை ஊர்க் கணக்கராகலாம், வணிகரின் கணக்குப்பிள்ளையாகலாம்.

அந்தத் திண்ணையில் நம் முன்னோருக்கு இடமில்லை. ஆனால் அந்தக் கணக்குகள் யாரைப் பற்றியவை? கூலியாக அளந்து போடப்பட்ட நெல் நம்முடைய கூலி. நிலம் அளக்கும் கோலை வெயிலில் தூக்கி நடந்தவர்களில் வெட்டியான்கள் இருந்தனர். அளந்ததை ஓலையில் எழுதியவர் கணக்கர். களத்தில் மரக்கால் குறைவாக நிரம்புவதைக் கண்ணால் கண்டறியத் தெரிந்தவருக்கு அதை எழுத்தில் காட்டும் வழி இல்லை. எண்ணறிவு நமக்கு இல்லாமல் போனது என்று சொல்வது பாதி உண்மை. எண்ணறிவு இருந்தது, எழுதும் உரிமை மறுக்கப்பட்டது என்பதே சரியான விவரிப்பு.

அம்பேத்கரின் பள்ளி வாழ்க்கையில் பலரும் அறிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஒன்றைச் செய்யும்படி ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். உடனே வகுப்பில் கூச்சல் எழுந்தது. பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தங்கள் உணவுப் பாத்திரங்கள் தீட்டாகிவிடும் என்று சாதி இந்துப் பிள்ளைகள் ஓடி, அவற்றை எடுத்த பிறகே அவர் பலகையைத் தொட முடிந்தது. சட்டம் மாறிவிட்டது, கரும்பலகைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே உள்ள தூரம் எல்லா வகுப்பறைகளிலும் குறைந்துவிடவில்லை.

அம்மாவின் கணக்கும் பள்ளிக் கணக்கும்

நம் பெற்றோர்களிடம் ‘பிள்ளைக்கு வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுங்கள்’ என்றால் பெரும்பாலும் வரும் பதில், ‘நாங்க படிக்கலியே’ என்பதுதான். இந்தப் பதிலை நாம் ஏற்கக் கூடாது. குபேர் அங்காடியில் மீன் கூறு விற்கும் பெண் ஐந்நூறு ரூபாய்த் தாளுக்கு மீதி கொடுக்கக் காகிதம் தேடுவதில்லை.

1985இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரத் தெருக்களில் இளநீரும் பழங்களும் விற்ற ஐந்து பிள்ளைகளிடம் வாடிக்கையாளர்போல் பேசிக் கணக்குக் கேட்டபோது 98 விழுக்காடு விடைகள் சரியாக இருந்தன. அதே எண்களைக் காகிதத்தில் வெறும் கணக்காக எழுதிக் கொடுத்தபோது சரியான விடைகள் 37 விழுக்காடாகச் சரிந்தன. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2025 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளைக் கொண்டு நடந்தது. சந்தையில் சிக்கலான பரிமாற்றத்தை மனத்தாலேயே முடித்த பிள்ளைகள், பள்ளி வடிவில் தரப்பட்ட எளிய கணக்கில் தடுமாறினார்கள். சந்தை அறியாத பள்ளிப் பிள்ளைகளிடம் இது தலைகீழாக இருந்தது: ஏட்டுக் கணக்கு வந்தது, கடைக் கணக்கு வரவில்லை.

இரண்டுக்கும் இடையே பாலம் கட்டும் வேலையைப் பள்ளி செய்வதில்லை. வீடு அதைச் செய்ய முடியும். இங்கே ஓர் எச்சரிக்கை: பிள்ளையைக் கடைக்கு அழைத்துச் செல்வது வேறு, கடையில் உட்கார வைப்பது வேறு. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், பள்ளி நேரம் தவிர்த்துக் ‘குடும்பத் தொழிலில் உதவுவதை’ அனுமதித்துவிட்டது. குலத்தொழிலுக்குத் திறந்துவிடப்பட்ட பின்வாசல் அது. ‘வேலை செய்தே கணக்குக் கற்றுக்கொள்ளட்டும்’ என்று யாரேனும் மேற்கண்ட ஆய்வுகளைக் காட்டிப் பேசினால், அந்தப் பிள்ளைகள் எழுத்துக் கணக்கில் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது

கூட்டலைப் பிள்ளை மூன்று படிகளில் கற்கிறது. முதலில், ஐந்து புளியங்கொட்டையையும் மூன்று புளியங்கொட்டையையும் ஒன்றாகக் கொட்டி, ஒன்றிலிருந்து எட்டுவரை எல்லாவற்றையும் எண்ணும். பிறகு ஐந்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஆறு, ஏழு, எட்டு என்று மேலே எண்ணும். அதன் பிறகு, ‘இரண்டும் ஒன்பதும்’ என்று கேட்டாலும் பெரிய எண்ணாகிய ஒன்பதிலிருந்து தொடங்கினால் வேலை குறையும் என்பதைத் தானே கண்டுபிடிக்கும். பிள்ளை இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பார்க்கக் கேள்வித்தாள் வேண்டாம். அது எண்ணும்போது உதட்டைக் கவனித்தால் போதும். முதல் படியில் நிற்கும் பிள்ளைக்கு ஈரிலக்கக் கணக்குத் தாளைக் கொடுப்பது வீண். நம் தன்னார்வலர்கள் அடிக்கடி செய்வது இதுதான்: நகலெடுத்த நாற்பது கணக்குகளைக் கொடுத்துவிட்டுக் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்குவது.

விரல் விட்டு எண்ணுவதைத் தடுக்கவே கூடாது. விரல் பிள்ளையின் முதல் மணிச்சட்டம். மனத்தில் எண் உறைந்த பிறகு விரல் தானாக மடங்கிவிடும்.

அடுத்து, பத்தின் இணைகள். ஒன்றும் ஒன்பதும், இரண்டும் எட்டும், மூன்றும் ஏழும், நான்கும் ஆறும், ஐந்தும் ஐந்தும். முதல் வகுப்பில் வேறெதையும் மனப்பாடம் செய்யாவிட்டாலும் இந்த ஐந்து இணைகள் நாவில் நிற்க வேண்டும். பத்துத் தீக்குச்சிகளை எடுத்துச் சிலவற்றை உள்ளங்கையில் மறைத்து, ‘வெளியே ஆறு இருக்கு, கையிலே எத்தனை?’ என்று கேட்கலாம். சோறு வேகும் நேரத்தில் முடிந்துவிடும் விளையாட்டு. இது வந்துவிட்டால் எட்டோடு ஐந்தைக் கூட்டுவது எளிது: ஐந்திலிருந்து இரண்டை எட்டுக்குக் கொடுத்தால் பத்து, மிச்சம் மூன்று, ஆகப் பதின்மூன்று. திண்ணைப் பள்ளியின் மனப்பாடத்தை நாம் விமர்சிப்பதால் மனப்பாடமே கூடாது என்றாகாது. புரிந்த பிறகு மனத்தில் நிற்பது பிள்ளைக்கு வேகம் தரும்.

தாயம் ஆடும் வீடுகளில் இன்னொரு வசதி. தாயக்கட்டையின் பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும் ஒரு வெறும் பக்கமும் இருக்கும். இரண்டு கட்டைகளை உருட்டிப் புள்ளிகளைக் கூட்டிக் காயை நகர்த்துவது கூட்டலின்றி வேறில்லை. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு என்பது ஆட்டத்தின் விதி, கணக்கின் விதி அன்று. இந்த வேறுபாட்டைக் கேட்டுச் சிரிக்கும் பிள்ளை பூஜ்ஜியத்தைப் புரிந்துகொண்டுவிட்டது.

கழித்தல்தான் உண்மையான தடைக்கல். ஏசர் அறிக்கை இந்திய ஊரகங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஈரிலக்கக் கழித்தல் வருகிறதா என்று வீடு வீடாகச் சென்று பார்க்கிறது. 2022இல் 25.9 விழுக்காட்டினருக்கு வந்தது, 2024இல் 33.7 விழுக்காட்டினருக்கு. மூன்றில் இருவருக்கு இன்னமும் வரவில்லை. 2021 ஜூலையில் தொடங்கிய ‘நிபுண் பாரத்’ திட்டம், 2026-27க்குள் மூன்றாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் என்று உறுதியளித்திருக்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

52-இலிருந்து 37ஐக் கழிக்கச் சொன்னால் பல பிள்ளைகள் 25 என்று எழுதுவார்கள். ஐந்தில் மூன்று போக இரண்டு; இரண்டில் ஏழு போகாது, ஆகவே ஏழில் இரண்டைக் கழித்து ஐந்து. இது கவனக்குறைவால் வந்த தவறு என்று நினைத்துத் திட்டினால் பயனில்லை. ‘பெரியதிலிருந்து சிறியதைக் கழி’ என்று முதல் வகுப்பில் சொன்ன விதியைப் பிள்ளை நேர்மையாகக் கடைப்பிடித்திருக்கிறது.

பள்ளி இதற்குச் சொல்லும் வழி ‘கடன் வாங்கிக் கழித்தல்’. விந்தையான பெயர், திருப்பித் தராத கடன் எங்கே இருக்கிறது? நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடன் என்ற சொல் வேறு பல நினைவுகளையும் கொண்டுவரும். உண்மையில் நடப்பது சில்லறை மாற்றுவது. ஐந்து பத்து ரூபாய்த் தாள்களையும் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களையும் தரையில் வையுங்கள். முப்பத்தேழு ரூபாய் கொடுக்க வேண்டும். மூன்று பத்துகளைக் கொடுக்கலாம். ஏழு ஒன்றுகள் கையில் இல்லை. ஒரு பத்து ரூபாய்த் தாளை மாற்றினால் நான்கு பத்துகளும் பன்னிரண்டு ஒன்றுகளும் ஆகும். இப்போது மூன்று பத்துகளையும் ஏழு ஒன்றுகளையும் எடுத்துவிட்டால் மீதம் ஒரு பத்தும் ஐந்து ஒன்றுகளும், பதினைந்து. பணம் இல்லாவிட்டால் பத்துப் பத்தாகக் கட்டிய தீக்குச்சிகள் போதும்; கட்டை அவிழ்ப்பதே மாற்றுவது. கையால் பத்து முறை செய்த பிறகு, செய்ததை அப்படியே காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள். ஆய்வுகள் சொன்ன அந்தப் பாலம் இந்த இடத்தில்தான் இருக்கிறது: கை செய்ததை எழுத்து பதிவுசெய்ய வேண்டும். இதைத் தவிர்த்தால் பிள்ளைக்குச் சந்தைக் கணக்கு மட்டுமே மிஞ்சும்.

இன்னொரு வழியும் உண்டு, கடைக்காரர்கள் எல்லோரும் அறிந்தது. ஐம்பது ரூபாய் கொடுத்து முப்பத்தேழு ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் மீதி எவ்வளவு? ‘முப்பத்தேழுலேருந்து நாப்பதுக்கு எவ்ளோ பாப்பா? மூணு. நாப்பதுலேருந்து அம்பதுக்கு? பத்து. அப்போ பதிமூணு.’ எழுதத் தெரியாத அம்மா இப்படிக் கணக்குப் போடுவதைப் பார்த்து, ‘இது பள்ளிக்கூட முறை இல்லை’ என்று பிள்ளை சொல்லும். கழித்தல் என்பது எடுத்துவிடுவது மட்டும் அன்று. இரண்டு எண்களுக்கு இடையே உள்ள தூரமும் அதுவே. அம்மாவின் முறை தூரத்தை நடந்து அளக்கிறது. இதைப் பிள்ளைக்கு விளக்கிச் சொல்லும் பொறுப்பு மாலைநேர வகுப்புத் தோழர்களுடையது. அம்மாவின் கணக்குச் சரியானது, காரணத்தோடு சரியானது என்று வீட்டிலேயே சொல்லிவிட்டு வாருங்கள்.

எந்த மொழியில் எண்ணுவது

நகரில் ஆங்கில வழிப் பள்ளிகள் பெருகிவிட்டன. அரசுப் பள்ளிகளும் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. ஆகவே வீட்டிலும் ‘டுவெல்வ்’, ‘தர்ட்டீன்’ என்றே எண்ண வேண்டும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். எண்ணைக் கற்கும் பிள்ளைக்குத் தமிழ் ஒரு பெரிய உதவி என்பதை அவர்களிடம் சொல்ல வேண்டும். பதினொன்று என்ற சொல்லிலேயே பத்தும் ஒன்றும் இருக்கின்றன. பதினான்கில் பத்து முன்னும் நான்கு பின்னும் எழுதும் வரிசையிலேயே நிற்கின்றன. ஆங்கிலத்தில் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் தனிப் பெயர்கள். பதினான்கில் நான்கு முன்னால் வரும், ‘ஃபோர்ட்டீன்’, ‘ஃபார்ட்டி’ இரண்டும் காதில் ஒன்றாகவே விழும். இந்நகரை ஆண்டவர்களின் மொழியில் நிலைமை இன்னும் கடினம். பிரெஞ்சில் எழுபது என்பது ‘அறுபதும் பத்தும்’. எண்பது ‘நான்கு இருபது’. தொண்ணூற்றேழு ‘நான்கு இருபதும் பதினேழும்’. அதையும் பிள்ளைகள் கற்றார்கள், இன்றும் இங்கே சிலர் கற்கிறார்கள்.

தமிழிலும் ஒரு முடிச்சு உண்டு. ஒன்பது பத்தை ஒட்டியும், தொண்ணூறு நூறை ஒட்டியும், தொள்ளாயிரம் ஆயிரத்தை ஒட்டியும் பெயர் பெற்றவை. எனவே எண்பத்தொன்பதுக்கு அடுத்து எது என்றால் பிள்ளை ‘எண்பத்துப்பத்து’ என்று சொல்லும். அதைக் கேலி செய்யாதீர்கள். எட்டுப் பத்துகளோடு ஒரு பத்து என்று அது சரியாகவே சிந்தித்திருக்கிறது. கணக்கைத் தமிழில் புரிய வைத்துவிட்டு, பள்ளியின் ஆங்கிலச் சொல்லைப் பிறகு சேர்க்கலாம். இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் சொல்கிறது. ‘இயன்றவரை’ என்ற சொல்லில் அரசுகள் ஒளிந்துகொள்கின்றன என்பது தனிக் கதை.

அடி, வீட்டுப்பாடம், சட்டம்

மேலே சொன்ன எதற்கும் ஒரு நாளில் பத்து அல்லது பதினைந்து நிமிடம் போதும். வேலை முடிந்து களைத்து வரும் பெற்றோரால் அதற்கு மேல் முடியாது, பிள்ளைக்கும் தேவையில்லை. இது வீட்டுப்பாடம் ஆகிவிடக் கூடாது. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று 2018 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் ந. கிருபாகரன் உத்தரவிட்டார், அவ்வாண்டிலேயே ஒன்றிய அரசும் அவ்வாறே அறிவுறுத்தியது. புதுச்சேரி அந்நீதிமன்றத்தின் ஆளுகைக்குட்பட்டது. ஆகவே இரண்டாம் வகுப்புப் பிள்ளை பக்கம் பக்கமாகக் கணக்கு எழுதிக்கொண்டு அழுதால், பெற்றோர் அந்த உத்தரவைச் சுட்டிப் பள்ளிக்குக் கடிதம் கொடுக்கலாம்.

அடியைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. பள்ளியில் உடல்ரீதியான தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. ‘உங்களுக்கெல்லாம் கணக்கு எங்கே வரும்’ என்று சாதியைக் குறிப்பால் சுட்டும் வாசகமும் மனத்துன்புறுத்தலே. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்துமா என்பதைச் சொன்ன சொற்களையும் சூழலையும் வைத்து ஆராய வேண்டும். வீட்டில் விழும் அடிக்கு 17ஆம் பிரிவு பொருந்தாது. ஆனால் விடை தவறானதற்காக அடிவாங்கும் பிள்ளை அடுத்த முறை கணக்கைப் பார்க்காது, கையைப் பார்க்கும். பயந்த பிள்ளை எண்ணுவதில்லை, ஊகிக்கிறது.

வீடு செய்யக்கூடியது இவ்வளவு. இதைக் காட்டிப் பள்ளி ஒதுங்கிவிட நாம் இடம் தரக் கூடாது. எல்லைக்கு அப்பால் மரக்காணம் வட்டாரத்து முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது, 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. அத்திட்டங்களின் குறைகளைப் பற்றித் தனியாக விவாதிக்கலாம். ஒரு வாய்க்காலும் ஒரு பெயர்ப்பலகையும் பிரிக்கும் இந்த நிலப்பரப்பில், அந்தப் பக்கத்துச் சேரிப் பிள்ளைக்கு மாலையில் ஒரு தன்னார்வலர் கிடைத்தார் என்பதையாவது இங்கே நினைவூட்டலாம்.

ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. பெற்றோரைத் தவறாமல் கூட்டி முன்னேற்றத்தைச் சொல்வதும் அதே பிரிவின் கீழ் வருகிறது. 2019இல் வந்த திருத்தம் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்வு வைத்துப் பிள்ளைகளை நிறுத்திவைக்க அரசுகளுக்கு வழிசெய்துவிட்ட பிறகு, இந்தக் கடமையைக் கேட்டுப் பெறுவது அவசரமாகிறது. மூன்றாம் வகுப்பில் கழித்தல் விட்டுப்போன பிள்ளைதான் ஐந்தாம் வகுப்பில் நிறுத்தப்படும். நிறுத்தப்பட்ட பிள்ளை பள்ளியைவிட்டு நின்றுவிட வெகு நாளாகாது.

கேட்பதற்கு உரிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. 21ஆம் பிரிவின்படி அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்களின் பிள்ளைகள் எண்ணிக்கைக்கேற்ற இடம் உண்டு. அடுத்த கூட்டத்துக்குச் செல்லும் தாய்மார்களோடு தோழர்கள் யாரேனும் சென்று, மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு 52-இலிருந்து 37ஐக் கழிக்க வருகிறது, வராதவர்களுக்கு வாரத்தில் எத்தனை மணிநேரம் கூடுதலாகக் கற்பிக்கப்படுகிறது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும். பதில் எதுவானாலும் அதைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லி, நகல் ஒன்றை வாங்கிக்கொண்டு வாருங்கள்.